பளபளக்கும் வாசலும் நம் இடுப்பெலும்பும்

எங்கள் அண்ணனூரில் வீட்டுக்கு வீடு ஒரு வியாதி பரவியிருக்கிறது. கூடத்துக்குப் போட வேண்டிய வழுவழு டைல்ஸை வாசலிலும் போர்ட்டிகோவிலும் மாடிப்படியிலும் பதித்து வைக்கிறார்கள். ஐப்பசி மழையில் அதில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் எத்தனை பேர் பழையபடி நடந்தார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

டைல்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிற பீங்கான் டைல்ஸ் நல்ல சரக்குதான். ஆனால் வெளியில் போடச் சொரசொரப்பானது தனியாக உண்டு. ஜெர்மானியச் சோதனைப்படி ஆர்-11 என்று போட்டிருக்கும். கடைக்காரர் அதைக் காட்டமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். பளபளப்பைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறோமே!

அடுத்த அநியாயம் பதிக்கிற விதம். பீங்கான் டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. அந்தப் பெருமையே வினை. அந்தக் காலத்துத் தட்டோடு தண்ணீரை உறிஞ்சும். சிமெண்ட் பால் அதன் துளைகளில் புகுந்து பிடித்துக்கொள்ளும். பீங்கானில் புகத் துளை ஏது? அதற்கென்று பசை இருக்கிறது. மூட்டையில் ஐஎஸ் 15477 என்று அச்சடித்திருக்கும். குமாஸ்தாவாக இருந்தவன் நான், முத்திரையைப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். பல்கரண்டியால் தரையில் இழுத்து, டைலின் முதுகிலும் தடவி, அடியில் பொள்ளல் இல்லாமல் அழுத்த வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து அமுக்கினால், நடுவில் மழைநீர் குடியேறும்.

"கூடத்தில் பத்து வருஷமா அப்படியே இருக்கே சார்" என்பார்கள். கூடத்தில் வெயில் அடிக்கிறதா? பத்து மீட்டர் தளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். இடைவெளியே விடாமல் நெருக்கிப் பதித்தால் அது எங்கே போகும்? கூரை மாதிரி எழும்பி நிற்கும். வெளித்தளத்தில் எட்டு முதல் பன்னிரண்டு அடிக்கு ஒரு விரிவு இணைப்பு வேண்டும். வாட்டமும் வேண்டும், பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது.

வேலையாளைத் திட்டிப் பயனில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசி அடிமாட்டு விலைக்குக் குறைத்தது நாம்தானே? புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் சுவர் கட்டுபவர் 'மசோன்', டைல் பதிப்பவர் 'கார்லேர்'; இரண்டும் வேறு தொழில். நாமோ சுவர் கட்டியவரிடமே "மிச்ச நாளில் இதையும் முடிச்சிடுப்பா" என்கிறோம்.

பழுது பார்ப்பது இன்னும் கேலிக்கூத்து. பொள்ளல் சத்தம் கேட்டால் விளிம்பில் வெள்ளை சிமெண்டைப் பூசிவிட்டுப் போகிறார்கள். சுற்றியுள்ள இணைப்பை அறுத்து, நடுவிலிருந்து உடைத்தெடுத்து, பழைய கலவையை முழுக்கக் கொத்தி, தண்ணீர் எங்கிருந்து இறங்கியது என்று பார்த்த பிறகுதான் புது டைல். அதற்கு அதே நிறத்தில் நாலைந்து டைல் பரணில் இருக்க வேண்டும். யார் வீட்டில் இருக்கிறது?

போன மழையில் எங்கள் தெருவை ஒரு சுற்று வந்தேன். விலை உயர்ந்த டைல்ஸ் பதித்த வாசல்களில் பாதிக்கு மேல் வழுக்காமலிருக்கச் சாக்கு விரித்திருந்தது.