ஃபிஃபா 98: பழசுன்னாலும் முழுசு

1997-ல வந்த 'ஃபிஃபா: ரோட் டு வேர்ல்ட் கப் 98' ஆட்டத்தை ஒரு வழியா லேப்டாப்புல ஓட வெச்சுட்டேன் மக்களே. சின்ன வயசுல அண்ணனோட பழைய சிடியில விளையாடினது.

உண்மையைச் சொல்லணும்னா கிராபிக்ஸ் படு மோசம். ஆட்டக்காரங்க எல்லாம் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டின மாதிரி இருக்காங்க :-) ஆனா இந்தியா உட்பட 172 நாட்டு அணி. நம்ம அணியைத் தகுதிச் சுற்றுல இருந்து உலகக்கோப்பை வரைக்கும் இழுத்துட்டுப் போகலாம். உள்ளரங்க ஆட்டம் வேற. எல்லாமே ஒரே சிடிக்குள்ள.

2009-ல 'அல்டிமேட் டீம்' வந்துச்சு. ஆட்டக்காரங்களை பேக்குல போட்டு விக்கிற வேலை. உள்ளே யாருன்னு வாங்கினப்புறம்தான் தெரியும். இந்த மாதிரி பெட்டிகளை பெல்ஜியம் 2018-ல சூதாட்டம்னே சொல்லிடுச்சு. 2019-ல அங்க மட்டும் பாயிண்ட்ஸ் விக்கிறதை நிறுத்தினாங்க. 2023-ல ஆட்டத்தோட பேரு 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி'ன்னு மாறிச்சு, பேக் மாறலை. அடுத்த வருஷ ஆட்டம் வந்தா, சேர்த்த டீம் கூட வராது. மறுபடி பூஜ்யம்.

நானும் பொட்டி தட்டுறவன்தான். "யூசர் தினமும் உள்ளே வரணும்"ங்கிற மீட்டிங் பேச்சு நமக்குப் பழக்கம். அதனால எந்த பட்டன் ஆட்டத்துக்கு, எது பர்ஸுக்குன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடுது.

பழசுல தோத்தா தோத்ததுதான். காசு கொடுத்து நல்ல ஃபார்வர்டு வாங்க வழியில்லை, இன்னொரு தடவை ஆடித்தான் ஜெயிக்கணும். என்னைக் கேட்டா, அதுக்குப் பேருதான் விளையாட்டு. நீங்க என்ன சொல்றீங்க?