கீழ்வீடும் மேல்வீடும்

ஸ்காபரோவில் நம்மவர்கள் முதல் வீடு வாங்கிய கதையைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதில் கீழே பேஸ்மென்டில் இன்னொரு குடும்பமும் இருக்கும். முற்பணத்துக்குச் சீட்டுக் காசு கைகொடுத்தது. மாதாமாதம் மோர்ட்கேஜில் ஒரு பங்கைக் கீழ்வீட்டு வாடகை கட்டியது. தொழிற்சாலைச் சம்பளத்தை மட்டும் காட்டி அந்த வீடுகளை வாங்கியிருக்கவே முடியாது. 1950, 60களில் கட்டிய பங்களாக்களும் அதற்குத் தோதாக அமைந்தன. பக்கக் கதவைத் திறந்தால் படி நேரே கீழே இறங்கும்.

சட்டம்தான் தடுமாறியது. ஒரே வீட்டில் இரண்டாவது குடியிருப்பை 1994இல் ஒன்ராறியோ அரசு அனுமதித்தது. அடுத்து வந்த அரசு 1996இல் அதைத் திருப்பி எடுத்து, முடிவை நகரசபைகளிடம் விட்டது. ஸ்காபரோ உட்பட அயல் நகரங்கள் 1998இல் ஒரே டொரொன்டோவாக இணைந்த பிறகுதான் நகரம் முழுவதற்கும் அனுமதி வந்தது. அதுவரை பலர் பேஸ்மென்டை ஒளித்தே வாடகைக்கு விட்டார்கள். அந்த ஒளிப்புக்கு விலை கொடுத்தவர்கள் கீழே இருந்தவர்கள். சன்னலால் ஏறித் தப்ப முடியாது, வெளியேற ஒரே படி, புகை எச்சரிக்கைக் கருவியும் இல்லை. வாடகை கொடுத்து நம் கடனை அடைக்க உதவியவரை இப்படி வைத்திருந்தது பெரிய அநியாயம்.

இன்று ஒளிக்கக் காரணமே இல்லை. வீட்டுக்காரர் குடியிருக்கும் இரண்டு குடியிருப்பு வீட்டில், சட்டப்படியான பகுதியின் வாடகை முழுவதையும் வருமானமாகக் கணக்கிட, கனடா அடைமான, வீடமைப்புக் கூட்டுத்தாபனம் 2015 முதல் இடம் தருகிறது. மாதம் 1,500 டொலர் வாடகை என்றால் ஆண்டுக்கு 18,000 டொலர் கூடுதல் வருமானம். மோர்ட்கேஜ் கிடைக்குமா கிடைக்காதா என்பதை முடிவுசெய்யும் தொகை அது. அனுமதியில்லாத பேஸ்மென்டுக்கு இந்தச் சலுகை இல்லை. தீப்பிடித்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கவும் கூடும்.

டொரொன்டோவில் 2018இல் பின்சந்து வீடுகளுக்கும், 2022இல் வளவுக்குள் கட்டும் தோட்ட வீடுகளுக்கும் வழி பிறந்தது. பின்சந்துகள் குறைந்த, பின்வளவு பெரிதான ஸ்காபரோவுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அதைத் தனியாகப் பிரித்து விற்க முடியாது. ஆனால் மகனோ மகளோ அங்கே குடியிருந்தபடி தங்கள் முற்பணத்தைச் சேர்க்கலாம். வயதான பெற்றோருக்கென்று வீட்டில் தனிக் குடியிருப்பு அமைத்தால், 2023இல் வந்த மத்திய வரிச்சலுகையும் உண்டு.

எனக்கு ஒரு கவலை உண்டு. வாடகை வரும் என்று விற்பவரும் கணக்குப் பார்த்து விலையை ஏற்றுகிறார். வாங்குபவரோ அந்த வாடகையை நம்பிக் கடைசி டொலர்வரை கடன் எடுக்கிறார். இரண்டு மாதம் கீழ்வீடு காலியாகக் கிடந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? வாடகை வராத மாதங்களையும் தாங்கும் அளவுக்குத்தான் கடன் எடுக்க வேண்டும்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பேஸ்மென்ட் இருக்கிறது என்ற பேச்சை நம்பாதீர்கள். அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். பிரம்டனில் என்றால் நகரசபைப் பதிவையும் பாருங்கள். கீழே இறங்கி, சன்னலைத் திறந்து, உங்கள் பிள்ளை அதனால் வெளியே வர முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால், அதைத் திருத்தும்வரை அங்கே யாரையும் குடிவைக்காதீர்கள்.