நரம்பின் நோயும் நம் இலக்கியத்தின் தீர்ப்பும்

தமிழ்க் கதையுலகில் தொழுநோய்க்கு வாய்த்த வேலை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: தீர்ப்புச் சொல்வது. நெறி தவறியவனுக்கு அது தண்டனையாக வருகிறது. அல்லது பதிவிரதை ஒருத்தியின் பொறுமையைச் சோதிக்க அவள் கணவனின் மேனியில் வந்து அமர்கிறது. நளாயினி கதையில் முனிவரின் விரல் சோற்றில் அற்று விழ, அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அவள் உண்கிறாள். 1954-இல் வெளிவந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தில் மோகனசுந்தரம் தன் காமத்துக்கும் செருக்குக்கும் கூலியாக அந்நோயைப் பெறுகிறான். தலைவிதியையும் முன்வினையையும் மேடைதோறும் எள்ளி நகையாடிய எம். ஆர். ராதாவே, வினைப்பயன் என்னும் பழைய சரக்கைத் தம் ஒப்பற்ற நடிப்பால் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தார் என்பது நம் கலை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. முன்பிறவிக்குப் பதில் இப்பிறவி, அவ்வளவே வேறுபாடு.

ஸ்ரீவைகுண்டத்தில் நாம் நளாயினி கதையைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் முகம் சுளிப்பது அந்த விரல் விழும் இடத்தில்தான். உண்மையில் விரல் அப்படி அற்று விழுவதில்லை. கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டினார். தசை அழுகி விரல் உதிர்வதில்லை. வலி தெரியாததால் விரல் தேய்கிறது. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவதும், காலில் தைத்த முள்ளோடு நாளெல்லாம் நடப்பதும், உறக்கத்தில் எலி கடித்தும் விழிக்காமலிருப்பதுமே காரணங்கள். அப்படியானால் இது தோலின் நோயன்று, நரம்பின் நோய்.

நரம்புக்குள் நடப்பது என்ன என்னும் வினாவை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து வருபவர் இலங்கையைச் சேர்ந்த அறிவியலாளர் அனுர ரம்புக்கன. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திலும் பின்னர் எடின்பரோவிலும் அவர் நடத்திய ஆய்வுகளை இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். அதற்குமுன் மயலின் உறையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். (நம் 'மயலு'க்கும் இதற்கும் உறவில்லை, மஜ்ஜையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1854-இல் விர்ஷோ என்னும் ஜெர்மானியர் இட்ட பெயர்.) எங்கள் தாமிரபரணிக் கரையில் வாழைமரத்தை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நடுவே தண்டு, அதைச் சுற்றி மட்டைமேல் மட்டையாகச் சுருண்ட உறை. கைகால்களின் நரம்பிழை அந்தத் தண்டு. ஷ்வான் செல் என்னும் உயிரணு தன் மென்சவ்வையே பலமுறை அதன்மேல் சுற்றிச் சுற்றி உறையாக்குகிறது. உறையுள்ள இழையில் செய்தி நொடிக்கு நூறு மீட்டர்வரைகூடப் பாயும். உறையற்ற இழையில் நடைவேகந்தான்.

தொழுநோய்க் கிருமி இந்த ஷ்வான் செல்லின் மேற்பரப்பில் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதை 1997, 1998 ஆண்டுகளில் ரம்புக்கன குழுவினர் கண்டறிந்தனர். 2002-இல் வெளியான ஆய்வுதான் நம்மை உலுக்கியது. உறை சிதைவதற்கு உடலின் எதிர்ப்பாற்றல் மூட்டும் அழற்சியே காரணம் என்று கருதப்பட்டுவந்தது. எதிர்ப்பாற்றலுக்கு அடிப்படையான நிணநீர் அணுக்கள் இல்லாமற் பிறந்த சுண்டெலிகளின் நரம்பிலும் கிருமி பட்ட மாத்திரத்தில் உறை உரிந்தது. உயிருள்ள கிருமிகூட வேண்டியதில்லை. செத்த கிருமியும், அதன் புறச்சுவரிலுள்ள ஒரு கொழுப்புப் பொருளும் போதும். ஏன் உரிக்கிறது? உறையணிந்த செல்லுக்குள் கிருமியால் எளிதில் குடியேற முடிவதில்லை. உறை இழந்த செல்லில் அது தாராளமாகப் பெருகுகிறது. வீட்டைப் பிடிக்கக் கூரையைப் பிரிக்கும் உபாயம்! 2013-இல் இன்னும் வியப்பான ஒன்று வெளிவந்தது: முதிர்ந்த ஷ்வான் செல்லை, எவ்வடிவும் எடுக்கவல்ல இளநிலைச் செல்லைப் போன்றதாகவே கிருமி மாற்றிவிடுகிறது.

இத்தனை நுட்பமான இந்நாடகத்தில் பாவத்துக்கோ ஒழுக்கத்துக்கோ பாத்திரம் ஏதும் இல்லை. மாந்தரில் மிகப் பெரும்பாலோர்க்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு, சிலர்க்கு இல்லை.

"இலக்கியம் மருத்துவ நூலன்று, நோய் அங்கே ஒரு குறியீடு" என்று நண்பர்கள் மறுப்பார்கள். குறியீடுதான், மறுக்கவில்லை. ஆனால் அக்குறியீட்டைச் சுமக்க உண்மையான உடல்கள் தேவைப்பட்டன. தொழுநோயாளரை அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் கொண்டிருந்த பிரிவு 2019-இல்தான் ஒழிந்தது. சட்டம் கூடத் தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டுவிட்டது. நாமோ இன்றும் மேடையில் ஊழலுக்கும் சாதிக்கும் 'சமுதாயத்தின் தொழுநோய்' என்றே உவமை தேடுகிறோம், கைதட்டலும் கிடைக்கிறது.

இந்தியாவில் இந்நோய் ஒழிந்துவிட்டதென நினைப்போர் பலர். பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து அது நீங்கியதாக 2005-இல் அறிவிக்கப்பட்டது மெய். ஆயினும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இங்கே புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதல் அறிகுறி பெரும்பாலும் தொட்டால் உணர்ச்சி தெரியாத, வெளிறிய ஒரு தேமல். அதில் வலி இல்லை, அரிப்பும் இல்லை. ஆகவே அதை மறைப்பது எளிது. மறைக்கச் சொல்வது நாம் கட்டிய கதைகள். கிருமியை மருந்து கொன்றுவிடும்; மரத்துப்போன கையில் உணர்வு திரும்புவதற்கோ, மரத்த ஆறு மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்குவதே பெரும் வாய்ப்பு. அறுபட்ட நரம்பிழை மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். வெட்கத்தில் கழியும் மாதங்கள் இந்தக் கணக்கில்தான் கழிகின்றன.