துரை பங்களாவுக்குக் கீழே லயமும் இருக்கிறது

சிவகாசி அச்சகங்களிலிருந்து ஆண்டுதோறும் லாரி லாரியாகக் காலண்டர்கள் போகின்றன. சாமி படம், குழந்தை படம், நீர்வீழ்ச்சி என்று வரும் வரிசையில் தேயிலைத் தோட்டப் படமும் தப்பாமல் இருக்கும். பச்சைச் சரிவு, பனிமூட்டம், முதுகில் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண். அவள் எந்த ஊர்க்காரி என்று காலண்டரைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. சூலக்கரை, சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்தார் கேட்கலாம். அவளுடைய பாட்டிக்குப் பாட்டி இந்தக் கரிசலில் பருத்தி எடுத்தவளாக இருக்கக்கூடும்.

அந்தப் படத்துக்கு இப்போது புது மவுசு வந்திருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் குடியிருந்த பங்களாக்கள் சொகுசு விடுதிகளாகிவிட்டன. இலங்கையில் ஹட்டன் அருகே காசல்ரீ, பொகவந்தலாவைப் பக்கத்துப் பழைய பங்களாக்களில் ‘சிலோன் டீ டிரெயில்ஸ்’ 2005 முதல் விருந்தினரை வரவேற்கிறது. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலை ஆலையே ஹோட்டலாகிவிட்டது. நம் வால்பாறையிலும் துரை பங்களாக்கள் உண்டு. ஒரு விடுதிக்குப் பெயரே ‘சின்னத்துரை பங்களா’. விடிந்ததும் படுக்கைக்குத் தேநீர் வரும். சாயங்காலம் கணப்பு மூட்டுவார்கள். வெளியே ரோஜாத் தோட்டம். துரை எப்படி வாழ்ந்தாரோ அப்படியே இரண்டு நாள் வாழ்ந்துவிட்டு வரலாம்.

சின்னத்துரை என்றால் எஸ்டேட்டின் உதவி மேலாளர், பெரியதுரைக்கு அடுத்தவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள். இன்று அதே சொல்லுக்கு முன்பணம் கட்டி அறை பிடிக்கிறோம்.

இப்படிப்பட்ட விடுதிகளே கூடாது என்பது நம் கட்சியல்ல. ஆளில்லாத பங்களா கரையான் அரித்து விழுவதைவிட விருந்தாளி வந்து போவது எவ்வளவோ மேல். உள்ளூர்ப் பிள்ளைகள் சிலருக்கு வேலையும் கிடைக்கிறது. நம் குறை வேறு. துரையின் கதை விலை போகிறது. அவருக்குத் தோட்டம் போட்டுக் கொடுத்தவர்களின் கதை அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. வரலாற்றைக் காட்டுகிறேன் என்று காசு வாங்குகிறவர் பாதியை மறைத்தால் அது சரக்கில் கலப்படம். பருத்தியிலும் மிளகாய் வற்றலிலும் நாள் முழுக்கக் கை வைக்கும் விருதுநகர் வட்டாரத்துக்குக் கலப்படம் என்னவென்று பாடம் நடத்த வேண்டியதில்லை.

மறைந்து போன பாதி இந்த மண்ணிலிருந்துதான் புறப்பட்டது. மதுரையிலிருந்து விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர் வழியே தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1876. தாது வருடப் பஞ்சம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை, பசித்த சனத்தையும் அதே துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. பழைய ஆட்கள் இலங்கை என்று சொல்ல மாட்டார்கள். ‘கண்டிச் சீமை’ என்பார்கள். ஊருக்குள் ஆள் பிடிக்க வரும் கங்காணி தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் செலவாகிவிடும். கடன் மட்டும் கூடவே கப்பலேறும். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையிலும், பிறகு மண்டபத்திலும் முகாம் போட்டு, ஆட்களை அடைத்து வைத்துப் பரிசோதித்து அனுப்பினார்கள். எந்த எஸ்டேட்டுக்குப் போகும் ஆள் என்று எண் பொறித்த தகரத் துண்டைக் கொடுத்தார்கள். பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, தகரம் இருந்தால் சரி.

இன்னொரு துண்டும் இருந்தது. அது காகிதம். ‘இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறேன்’ என்று எழுதிய சீட்டு. வேறு தோட்டம் அந்தக் கடனைக் கட்டிவிட்டு ஆளை எடுத்துக்கொள்ளும். மனிதன் கை மாறினான், கடன் அவன் தலையிலேயே இருந்தது. 1921-இல் சட்டம் போட்டுத்தான் இந்தத் துண்டு முறையை ஒழிக்க வேண்டியிருந்தது. அந்தச் சீட்டு ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, பங்களாவில் கணப்புக்கு மேலே தொங்கும் வேட்டைப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினால் என்ன? சுவர் இடிந்து விழாது.

லயத்தையும் சொல்ல வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதுதான் ஒரு குடும்பத்துக்கான காம்பிரா. ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், வரிசையாகக் கதவுகள். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டால் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். இது பழங்கதை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். இலங்கை மலையகத்தில் லயங்களில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. நாட்கூலியாக ஆயிரம் இலங்கை ரூபாய் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி, 2021-இல்தான் அது கிடைத்தது. 2024-இல் 1,350 ஆனது. மேலே பங்களாவில் ஓர் இரவுக்கு வாங்கும் டாலரை மாற்றினால், கீழே கொழுந்து பறிப்பவரின் சில மாதக் கூலி வரும்.

வால்பாறை வரலாறும் இதற்கு இளைத்ததல்ல. ஆனைமலைத் தோட்டங்களில் 1940-களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல், தாம் கண்டதையும் கேட்டதையும் வைத்து ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவல் 1969-இல் வந்தது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் படித்தோம். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கும் அதுவே அடிப்படை. நாவலின் கணவனும் மனைவியும் கயத்தாறு பக்கத்து மயிலோடைக்காரர்கள். சூலக்கரையில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். குளிரிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் யாரோ எவரோ அல்ல. வால்பாறை விடுதிகளின் புத்தக அலமாரியில் இந்த நாவல் ஒரு பிரதியாவது இருக்க வேண்டாமா?

கேள்வி விடுதிக்காரரோடு நிற்கவில்லை, அரசுக்கும் உண்டு. மத்திய சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய ஹோட்டல் என்று தரச்சான்று தருகிறது. 1950-க்கு முன் கட்டிய கட்டடமாக இருக்க வேண்டும், குறைந்தது ஐந்து அறைகள் வேண்டும், முகப்பும் கட்டுமானமும் பழைய தன்மை மாறாமல் இருக்க வேண்டும். இன்னும் பழமையான கட்டடங்களுக்கு ‘கிராண்ட்’ என்ற உயர்ந்த வகையும் உண்டு. சுவரின் வயதைக் கேட்கிற விதியில், அந்தச் சுவரை எழுப்பியவரைப் பற்றி விருந்தினருக்குச் சொல்கிறாயா என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். இதற்குப் பணச் செலவு கிடையாது.

உல்லாசமாக இருக்க வருகிறவனை அழவைத்து அனுப்பலாமா என்று கேட்பார்கள். யாரும் அழ வேண்டியதில்லை. அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்தின் விட்னி தோட்டம் 2014-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே எஜமானர் மாளிகையைவிட அடிமைகளின் வாழ்க்கைக்கே முதலிடம். மக்கள் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிறார்கள். மொரீஷியஸில் ஒப்பந்தக் கூலிகள் கரையேறிய ஆப்ரவாசி காட் தளத்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? கண்டிக்கு அப்பால் கம்பளை அருகே ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய நிறுவனமோ பெரும் பணமோ செய்த வேலையல்ல, தொழிலாளர் நலனுக்கு உழைக்கும் ஓர் அமைப்பு செய்தது. அவர்களால் முடிந்தது தமிழக அரசால் மண்டபம் முகாம் இருந்த இடத்தில் முடியாதா?

திருநெல்வேலி மலையில் உள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தோட்டம் அது. 2024-இல் நிர்வாகம் விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை முடித்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக இருந்த சனம் மலையிறங்க வேண்டியதாயிற்று. அந்த இடம் மறுபடி காடாகட்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த லயங்களும் மண்ணோடு மண்ணானால், அங்கே மனிதர்கள் இருந்ததற்கு எது சாட்சி?

நம் பக்கத்தையும் சொல்லிவிடுவோம். என்றாவது ஒருநாள் சிவகாசிக்குப் பட்டாசுப் பாரம்பரியச் சுற்றுலா வரும் என்று வையுங்கள். ஒரு பழைய முதலாளி வீட்டைப் புதுப்பித்து, தேக்குக் கட்டிலும் ஊஞ்சலும் போட்டு, வாண வேடிக்கை காட்டி அனுப்பினால் நமக்கு ஒப்புமா? வெடிமருந்து கலந்த கைகளையும், வெடி விபத்தில் போனவர்களையும் சொல்லாத சிவகாசி வரலாறு வரலாறாகுமா? பங்களாவுக்குக் கேட்கும் நியாயத்தை நாளைக்கு நம்மிடமும் கேட்பார்கள்.

கண்டிச் சீமைக்குப் போனவர்களுக்கு மீண்டும் வருவோம். 1948-இல் இலங்கை அந்த மலையகச் சனத்தின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. அப்படித் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பிறகு இலங்கை உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்கள் குல்லூர்சந்தை, அனுப்பன்குளம் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களிலும் மலையகத்தில் வேர் உள்ளவர்கள் உண்டு. துரை பங்களாவில் இல்லாத ஆவணம் இந்த வீடுகளில் இருக்கிறது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ தாத்தாவின் தகரத் துண்டு, எஸ்டேட் பற்றுச்சீட்டு, கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை, கப்பல் டிக்கெட் எது கிடந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து வையுங்கள், யார் பெயரில் உள்ளது, எந்தத் தோட்டம் என்று பின்னால் எழுதி வையுங்கள். மாவட்ட நிர்வாகம் அவற்றைத் திரட்டிக் காட்சிக்கு வைக்க ஓர் அறை ஒதுக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகம் சூலக்கரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.