ஆசிரியரின் தன்திறன் நம்பிக்கை: சொல்லும் அளவையும்

அரசுப் பள்ளி ஆசிரியர்க்கும் தனியார் பள்ளி ஆசிரியர்க்கும் இடையே தன்னம்பிக்கையில் வேறுபாடு உண்டா என்னும் வினா கல்வியியல் ஆய்வுகளில் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து நோக்கின், வினாவே திருத்தம் வேண்டி நிற்பது புலனாகும்.

ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கருத்தாக்கம் பொதுவான தன்னம்பிக்கை அன்று. குறிப்பிட்டதொரு செயலைத் தம்மால் முடிக்க இயலும் என்னும் தன்திறன் நம்பிக்கை. செய்து வென்ற பட்டறிவே அதன் முதன்மை ஊற்று என்பது அவர் கொள்கை. தமிழ் வினாநிரல்களில் இவ்விரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்படின், விடைகள் ஆசிரியரின் இயல்பைக் காட்டுமேயன்றிக் கற்பித்தல் பற்றிய நம்பிக்கையைக் காட்டா.

நன்னூல் நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் நல்லாசிரியர்க்கு உவமையாக்கியது. அவை பண்பை வரையறுப்பன. அப்பண்பு செயற்படும் சூழலை அல்ல. சூழலின் வலிமைக்குப் புதுக்கோட்டையே சான்று. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, 1991இல் அறிவொளி இயக்கம் இங்குத் தொண்டர்களைக் கொண்டு ஊதியமின்றிக் கற்பித்தது. கல்குவாரிப் பெண்கள் எழுதவும் மிதிவண்டி ஓட்டவும் கற்றதைக் கண்ணெதிரே கண்டமையே அத்தொண்டர்களின் நம்பிக்கையை வளர்த்தது எனக் கருதலாம்.

எனவே, நிர்வாக வகையால் மட்டும் ஆசிரியரைப் பிரித்து அளப்பது போதாது. பணிப்பாதுகாப்பின்றித் தேர்ச்சி விழுக்காட்டால் அளக்கப்படும் தனியார் பள்ளி ஆசிரியரும், பதிவேட்டுப் பணிகளில் வகுப்பு நேரத்தை இழக்கும் அரசுப் பள்ளி ஆசிரியரும் அத்தகைய பட்டறிவை ஒருங்கே இழக்கின்றனர். இதனைக் கருதாத ஆய்வு, சூழலின் குறையை ஆசிரியரின் குறையாக்கிவிடும். கலைச்சொல்லைத் தெளிவுபடுத்தி வினாநிரலைத் திருத்துவது தமிழாய்வாளரின் கடன்.