அங்கருக்கு ஆயிரம் மன்னிப்பு, தயிர்ச்சட்டிக்கு?

மட்டக்களப்பில எந்தச் சின்னக் கடைக்குப் போய் "ஒரு அங்கர் தாங்க" எண்டு கேட்டாலும், கடைக்கார அண்ணன் மேல்தட்டைப் பார்த்திட்டு "அங்கர் முடிஞ்சு தம்பி, நெஸ்பிரே தரட்டா?" என்பார். சில நேரம் அதுவும் கேட்கமாட்டார். மலிபானை எடுத்து நீட்டுவார். நாங்களும் வாங்கிக்கொண்டு வந்து "உம்மா, அங்கர் வாங்கிட்டன்", "அம்மா, அங்கர் இந்தா" எண்டு குடுப்போம். ஒரு கம்பனியின் பெயர் ஒரு பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. எங்கட அம்மாமார் சின்னப் பிள்ளைகளாக இருந்த 1980களில் அந்த இடத்தில் லக்ஸ்பிறே இருந்தது. ஆள் மாறியிருக்கு, கதிரை அப்படியே கிடக்கு.

வணிகப் பிரிவில் படிக்கிற பிள்ளைகள் பாடமாக்குகிற ஒரு வசனம் உண்டு: நிறுவனத்தின் நற்பெயர்தான் வாடிக்கையாளரின் விசுவாசத்தை உண்டாக்குகிறது, போட்டிச் சந்தையில் அதுதான் பெரிய மூலதனம். பரீட்சைக்கு எழுதலாம், புள்ளியும் வரும். ஆனால் எங்கட ஊர் அடுப்படியை வைத்துப் பார்த்தால் இந்த வசனம் பாதிதான் உண்மை. தமிழில் 'வாடிக்கை' என்றாலே பழக்கம்தானே. வாடிக்கையாளர் என்பவர் நம்பி வாங்குகிறவர் இல்லை, பழகி வாங்குகிறவர். அந்தப் பழக்கம் எப்படி வந்தது, யார் பழக்கினது என்பதைக் கேட்காமல் நற்பெயர் நற்பெயர் எண்டு பேசுவது சும்மா கதை.

முதலில் அங்கரின் பெயருக்கு என்னவெல்லாம் நடந்தது என்று பார்ப்போம். 2013 ஜனவரியில், நியூசிலாந்துப் பாலில் டிசிடி என்ற இரசாயனத்தின் தடயம் இருப்பதாகச் செய்தி வந்தது. மேய்ச்சல் நிலத்தில் உள்ள நைதரசன் கழுவுப்பட்டு ஆற்றுக்குப் போகாமல் தடுக்க அங்கே போடுகிற மருந்து அது. அந்த வருசம் ஆகஸ்டில், அங்கரின் உரிமையாளரான பொன்டெரா தன்னுடைய ஒரு புரதப்பொருளில் பொட்டுலிசம் கிருமி இருக்கலாம் என்று தானே அறிவித்தது. அது பிழையான பயம் என்று அந்த மாதமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கிடையில் இலங்கையில் சுகாதார அமைச்சு டிசிடியைச் சொல்லிச் சில தொகுதிப் பால்மாவைத் திருப்பியெடுக்கச் சொன்னது. நீதிமன்றம் இரண்டு கிழமைக்கு விற்பனையையும் விளம்பரத்தையும் நிறுத்தி வைத்தது. பியகமவில் ஆர்ப்பாட்டம். கம்பனி சில நாள் கதவைப் பூட்டியது. 2019 பெப்ரவரியில் மறுகா ஒரு பூதம்: இறக்குமதிப் பால்மாவில் பன்றிக் கொழுப்பும் மரக்கறி எண்ணெயும் கலக்கிறார்கள் என்று ஒரு பிரதி அமைச்சர் பாராளுமன்றத்திலேயே சொன்னார். அது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வீடுகளில் இப்படி ஒரு பேச்சு என்ன செய்யும் என்று நாங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை. கம்பனி திரும்பவும் கொஞ்ச நாள் வேலையை நிறுத்தியது.

பிறகு? பிறகு ஒண்டுமில்லை. அதே தட்டில் அதே பக்கெட் வந்து குந்திக்கொண்டது.

விலையாவது எங்களை அசைத்ததா? 2021 ஒக்டோபரில் கட்டுப்பாட்டு விலை நீக்கப்பட்டதும் 380 ரூபாய்க்கு விற்ற 400 கிராம் பக்கெட் 480 ஆனது. 2022 மார்ச்சில் 790. அரை வருசத்துக்குள் இரட்டிப்பு. அந்த விலைக்கும் வரிசையில் நின்றோம். மூண்டு நாலு பேராகப் பிரிந்து மூண்டு நாலு கடை வரிசையில் நின்றோம். வெள்ளம், கடல்கோள், யுத்தம் எல்லாம் பார்த்த சனம் பால்மாவுக்காக வெயிலில் காய்ந்தது. கைக்கெட்டும் தூரத்தில் எருமைப் பட்டிகள் நிற்கிற மாவட்டம் இது.

அங்கர் விஷம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. மேலே சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று பிழையென்று தெரிந்தது, ஒன்று நிரூபிக்கப்படவில்லை, மற்றதைக் கம்பனி மறுத்தது. எங்கட கேள்வி வேறு. பெரிய பெயருக்கு அடி விழுந்தால் அது எழும்பி வர நாங்கள் எல்லாரும் கைகொடுக்கிறோம். சின்னப் பெயருக்கு அடி விழுந்தால் ஏன் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை?

இது எங்கட ஊர்க் கதை மட்டுமில்லை. 2015 ஜூனில் இந்தியாவில் ஈயம் கூடிவிட்டது என்று மகி நூடில்ஸைத் தடைசெய்தார்கள். நவம்பரில் அது கடைக்குத் திரும்பியது, கொஞ்சக் காலத்தில் பழையபடி முதலிடம். 2008இல் சீனாவில் சன்லு என்ற கம்பனியின் பால்மாவில் மெலமைன் கலந்திருந்தது. மூன்று இலட்சம் அளவில் குழந்தைகள் நோயாளியானார்கள், ஆறு குழந்தைகள் செத்தார்கள். அந்த நாட்டில் பெரிய பெயர் எடுத்திருந்த சன்லு வங்குரோத்தாகி அழிந்தது. அந்தச் சன்லுவில் 43 வீதப் பங்கு வைத்திருந்தது யார் தெரியுமா? பொன்டெராதான். விசயம் தெரிந்ததும் தங்கட அரசாங்கத்துக்குச் சொன்னதும் அவர்கள்தான், அதையும் சொல்லத்தான் வேணும். ஆனாலும் அங்கருக்கு அதில் ஒரு கீறலும் விழவில்லை. ஏனென்றால் சன்லு டின்னில் அங்கர் என்ற பெயர் இல்லை. பெயர் எங்கே ஒட்டியிருக்கோ அங்கேதான் பழி. காசு எங்கே போகுதோ அங்கே பழி போகாது.

சரி, இந்த விசுவாசம் எங்களுக்குள் எப்படி வந்தது? விளம்பரம் என்று சொல்லித் தப்பலாம். "உயரமா வளருவான், கெட்டிக்காரனா வருவான்" என்று தாய்மாரைப் பயமுறுத்துகிற விளம்பரத்துக்குப் பங்கு இருக்குத்தான். ஆனால் எங்கட பகுதியில் அதைவிடப் பெரிய பழக்குநர் யுத்தம். படுவான்கரையில் மின்சாரம் இல்லாத வருசங்களில் பாலை எங்கே வைப்பது? காலையில் கறந்த பால் பின்னேரம் திரைந்துபோகும். பால்மா திரையாது. ஓடும்போது சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஓடலாம். 2006, 2007இல் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து எழும்பி வந்த சனம் மாடுகளை அவிழ்த்துவிட்டிட்டு வந்தது. முகாமில் பிள்ளைக்குப் பால் என்றால் மாப்பால்தான். வாவிக்கு அங்கால நின்ற மாடு யாருக்குச் சொந்தமாச்சோ. திரும்பிப் போனபோது பலருக்குப் பட்டியே இல்லை. மாடு வளர்த்த குடும்பத்துப் பிள்ளை மாப்பால் குடித்து வளர்ந்து, இப்ப பெரிய ஆளாகி, பசும்பாலில் "ஒரு மாதிரி வாடை அடிக்குது" எண்டு முகத்தைச் சுழிக்கிறது. அந்தப் பிள்ளைகள் நாங்கள்தான்.

இதையா விசுவாசம் என்கிறார்கள்? வேற வழி இல்லாமல் இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்டதை, வழி வந்த பிறகும் உரித்தெடுக்காமல் இருக்கிறோம். மட்டக்களப்பாரைப் பற்றி வெளியூர்க்காரர் ஒரு கதை சொல்வார்களே, வந்தவனை மந்திரம் போட்டுப் பாயோட ஒட்டவைச்சிருவாங்கள் எண்டு. உண்மையில் பாயோடு ஒட்டிப்போய்க் கிடப்பது நாங்கள். ஒட்டவைத்தவருக்கு மந்திரமும் தேவைப்படவில்லை, 400 கிராம் பக்கெட் போதும்.

இனித் தயிர்ச்சட்டிக்கு வருவோம். மட்டக்களப்புத் தயிர் என்றால் நாட்டில் தெரியாத ஆள் இல்லை. கொழும்புக்குப் போகிற ரயிலிலயும் பஸ்ஸிலயும் சட்டி போகாத நாள் இல்லை. எருமைப்பாலை வற்றக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறை ஊற்றி, மண்சட்டியில் விட்டால் தண்ணியைச் சட்டி உறிஞ்சிக்கொள்ளும், தயிர் இறுகும். நல்ல தயிர்க்காரர் சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார், தயிர் விழாது. இதுதான் அவரது விளம்பரம், தரச்சான்றிதழ், கம்பனிப் பெயர் எல்லாம். ஒவ்வொரு சட்டிக்கும் ஒவ்வொரு நாளும் அவர் புதிதாகப் பெயர் எடுக்கவேணும். ஒரு சட்டி புளித்தால், ஒரு சட்டியில் தண்ணி மிதந்தால், முடிஞ்சு கதை. "அவன்ட தயிர் சரியில்லை" எண்டு ஊர் சொல்லும். அவருக்கு ஊடக அறிக்கை விட ஆள் இல்லை, தொகுதி இலக்கம் போட்டுத் திருப்பியெடுக்க வழி இல்லை, இரண்டு கிழமை பூட்டிவைத்துவிட்டுத் திரும்பி வர முதலும் இல்லை.

எங்கட பக்கத்துப் பிழைகளையும் மறைக்கக்கூடாது. பாலில் தண்ணி கலக்கிற ஆக்கள் இருக்கிறார்கள். அழுக்குக் கலனில் பால் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கெட்ட தயிர் விற்றவர் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லாததால் கெட்ட பெயர் எல்லாச் சட்டியிலும் சமமாகப் பூசப்படுகிறது. நல்ல தயிர் விற்றவர் யார் என்பதும் தெரியாததால் நல்ல பெயர் யாருக்கும் சேராமல் 'மட்டக்களப்பு' என்ற பொதுச் சொல்லில் கரைந்துபோகிறது. அந்தச் சொல்லை எந்த ஊர்த் தயிருக்கும் எவரும் பலகையில் எழுதி ரோட்டில் தொங்கவிடலாம். தடுக்க ஒரு சட்டமும் எங்கட கையில் இல்லை.

தயிரின் பெயரைப் பற்றிப் பேசினால் மேய்ச்சல்தரையைப் பற்றிப் பேசாமல் விடமுடியாது. பெரும்போகம் தொடங்கும்போது வயல்பக்கத்தில் மாடு நிற்க முடியாது. பட்டிகளை மேற்கே மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிற வேலை. அந்த நிலத்தை வெளிமாவட்டத்தார் வந்து உழுது பயிர் செய்ய, மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் செத்தன. 2023 செப்டெம்பர் 15 அன்று பண்ணையாளர்கள் சித்தாண்டியில் ரோட்டோரம் கொட்டில் போட்டுக் குந்தினார்கள். ஒரு வருசம் தாண்டியும் குந்தியிருந்தார்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையில் இருந்து அது கூப்பிடு தூரம். ஆதரவு சொல்லிப் போன மாணவர்கள் உண்டு, அவர்களுக்கு எங்கட மரியாதை. ஆனால் அந்தக் கொட்டிலைக் கடந்து பஸ்ஸில் போன எங்களில் எத்தனை பேருக்கு, காலையில் குடித்த தேத்தண்ணிக்கும் அந்தக் கொட்டிலுக்கும் சம்பந்தம் இருக்கு எண்டு பட்டது? பால்மா பக்கெட்டில் பச்சைப் புல்வெளி படம் போட்டிருப்பார்கள். எங்கட புல்வெளிக்காக எங்கட ஆக்கள் ரோட்டில் கிடந்தார்கள்.

இதில் ஒரு பகிடியும் உண்டு. பொன்டெரா யாருடையது? நியூசிலாந்தில் மாடு வளர்க்கிற குடும்பங்களுடையது. அது ஒரு கூட்டுறவு. 1886இல் ஒரு பண்ணையில் வெண்ணெய்க்கு வைத்த பெயர்தான் அங்கர். ஆக, நாங்கள் விசுவாசமாக இருப்பதும் மாட்டுக்காரருக்குத்தான், என்ன, எங்கட மாட்டுக்காரருக்கு இல்லை. அந்த மாட்டுக்காரருக்கு நிலம் இருக்கு, சங்கம் இருக்கு, பெயர் இருக்கு. 2025 ஆகஸ்டில் அந்தப் பெயரையும் விற்க உடன்பட்டுவிட்டார்கள். அங்கர் உட்பட நுகர்வோர் வியாபாரத்தின் பெரும்பகுதி, இலங்கைப் பகுதியும் சேர்த்து, பிரான்சின் லக்டாலிஸ் கம்பனிக்கு. ஒக்டோபரில் பங்குதாரரான பண்ணையாளர்கள் வாக்குப் போட்டுச் சம்மதித்தார்கள். 2017 டிசம்பரில் குழந்தைப் பால்மாவில் சல்மொனெல்லா கிருமி வந்து 83 நாடுகளில் இருந்து 1 கோடி 20 இலட்சம் பெட்டிகளைத் திருப்பியெடுத்த அதே லக்டாலிஸ்தான். எங்கட கடைக்கார அண்ணனுக்கு இது தெரியுமா? தெரிந்தாலும் என்ன? பக்கெட் அதே பக்கெட். எங்கட விசுவாசத்தையும் சேர்த்துத்தான் விலைபேசியிருக்கிறார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப பால்மாவை விட்டிட்டு என்ன செய்யச் சொல்றீங்க, வேலைக்குப் போற அம்மா விடிய நாலு மணிக்குப் பால் தேடித் திரியவா?" எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாட்டில் குடிக்கிற பாலில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதை ஒரு இரவில் மாற்ற ஏலாது. நாங்கள் கேட்பது பகிஷ்கரிப்பும் இல்லை. பகிஷ்கரிப்பு எண்டு சொல்லி எங்கட ஊர்களில் நடந்ததெல்லாம், 2019க்குப் பிறகு தமிழர் முஸ்லிம் கடையையும் முஸ்லிம்கள் தமிழர் கடையையும் ஒதுக்கிய அசிங்கம்தான். அதிலும் பெயர் கெட்டது சின்னக் கடைக்காரருக்கு, இலாபம் போனது பெரிய கம்பனிக்கு.

நாங்கள் கேட்பது, அங்கருக்குக் கொடுக்கிற பொறுமையில் கொஞ்சத்தை இங்கேயும் கொடுங்கள் என்று. ஒரு சட்டி புளித்தால் தயிர்க்காரரிடமே திருப்பிக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். ஊரெல்லாம் சொல்லிவிட்டு யோகட் கப்புக்கு மாறாதீர்கள். பிரதேச சபையும் கால்நடைத் திணைக்களமும் பால் பரிசோதனையை ஊருக்குள் கொண்டுவர வேணும், சோதித்த முடிவை வெளியில் போட வேணும். இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருசம் இங்கேயும் அதற்கான சட்டத்திருத்தம் வந்தது. கறுவாவுக்கு முடியுமென்றால் மட்டக்களப்புத் தயிருக்கு ஏன் முடியாது? மாவட்டத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்களும் எங்கட பாராளுமன்ற உறுப்பினர்களும் இதற்குப் பதில் சொல்லட்டும். மேய்ச்சல்தரை கைவிட்டுப் போன பிறகு குறியீடு கிடைத்து ஒரு பிரயோசனமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் உண்டு. சட்டி வனைகிறவர் வீட்டில் மண் காயமுன்னே அடியில் ஒரு அச்சுக் குத்தலாம். ஒரு மரத்துண்டில் எழுத்தைச் செதுக்கினால் போதும். சித்தாண்டி, கிரான், சந்திவெளி, கொக்கட்டிச்சோலை எண்டு ஊர்ப்பெயர், பக்கத்தில் பட்டிக்காரர் ஆளுக்கொரு குறி. மாட்டுக்குக் குறிசுடுகிற வழக்கம் உள்ள ஊருக்கு அதைச் சட்டியில் போடத் தெரியாதா? தயிரைச் சாப்பிட்டு முடித்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கும்போது பார்க்கலாம், இது ஆர்ட பட்டித் தயிர் எண்டு.