புதன்கிழமை ஆட்டம்

எனக்கு ஒரு நண்பர். மயிலாப்பூர்க்காரர். லஸ் முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. நல்ல மனிதர், படித்தவர். காப்பி விஷயத்திலும் கச்சேரி விஷயத்திலும் அவர் சொல்லும் தீர்ப்புக்கு நான் மேல் முறையீடு செய்வதில்லை. சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அவரைப் பார்க்கப் போனேன். கண்கள் இரண்டும் கோவைப் பழமாகச் சிவந்திருந்தன. பதறிப் போய், "உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை, ஓய். ராத்திரி மேட்ச். ஒன்றரை மணிக்குத்தான் ஆரம்பித்தான். முடியும்போது மூன்றரை. தூக்கம் போனால் போகட்டும். நாம் ஜெயித்து விட்டோம்!" என்றார்.

"நாம்" என்று அவர் குறிப்பிட்டது லண்டனில் உள்ள ஒரு கால்பந்துக் கிளப்பை. அவர் லண்டனுக்குப் போனதில்லை. அந்தக் கிளப்பில் அவருக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. இருந்தாலும் "நாம்"! அதில் எனக்கு ஆட்சேபமில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். முன்பின் பாராதவர்களுக்காக மனிதன் அழுவதும் சிரிப்பதும் இல்லையென்றால் என் பிழைப்பு என்ன ஆவது?

"இன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு நம் ஊரிலேயே ஒரு கோப்பை ஆட்டம் இருக்கிறது. பேட்டைக் கிளப் ஒன்று ஆடுகிறது. வாருமேன்" என்றேன்.

"நம் ஊரில் புட்பால் ஏது, ஓய்?" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்லுகிறேன்.

நான் தனியாகவே போனேன். மைதானத்தின் கதவில் ஒரு பாதி திறந்திருந்தது. டிக்கெட் கிடையாது. உள்ளே ஒருவர் குனிந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் கிளப்பின் காரியதரிசி. ஓய்வு பெற்ற குமாஸ்தா. கோடு போட்டு முடித்ததும், கிழிந்த வலையைச் சணல் கயிற்றால் கோல் கம்பத்தில் கட்டினார். பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தார். அன்று அவருடைய கிளப்தான் விருந்து கொடுக்கும் பக்ஷம். ஆகையால் நடுவருக்குக் கொடுக்க வேண்டியது, பந்து, முதலுதவிப் பெட்டி, வந்த அணிக்கு டீயும் பன்னும் எல்லாம் அவர் பொறுப்பு. செலவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "பென்ஷன் இருக்கே, சார்" என்றார். விளையாட்டாகச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

ஆட்டம் தொடங்கியதும் பார்வையாளர்களை எண்ணினேன். நாற்பத்தொரு பேர். பள்ளிக்கூடப் பையன்கள் பாதிக்கு மேல். கிழவர்கள் ஏழெட்டுப் பேர். ஆட்டக்காரர்களின் தாய்மார் இரண்டு பேர். ஒரு ஐஸ் வண்டிக்காரர். நிழலில் படுத்திருந்த நாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மயிலையிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும் லக்ஷக்கணக்கில் ஜனங்கள் வாழ்கிறார்கள். அவர்களில் நாற்பத்தொரு பேர்!

வலது பக்கம் ஆடிய பையன் நொச்சிக்குப்பத்துக்காரன். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. இடைவேளையில் என் பக்கத்தில் உட்கார்ந்து காலுறையைச் சரி செய்தான். "டைபிரேக்கருக்குப் போகக்கூடாது சார். ஆறு மணிக்கு வண்டி எடுக்கணும். இல்லாட்டி இன்னிக்குக் காசு போச்சு" என்றான். கோப்பையை ஜெயிக்க வேண்டும். சீக்கிரமாகவும் ஜெயிக்க வேண்டும். அவன் கவலை அவனுக்கு.

இந்த ஆட்டத்தைப் பற்றித்தான் என் நண்பர் "ஏது?" என்று கேட்கிறார்.

இனி அவருடைய கட்சியை நியாயமாகவே எடுத்துக்கொள்வோம். முதல் வாதம்: "தரம் போதாது. உலகத்திலேயே சிறந்த ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது, மட்டமான ஆட்டத்தை வெயிலில் நின்று ஏன் பார்க்க வேண்டும்?"

நண்பரே, மார்கழி மாதத்தில் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரிக்கு நீர் போவதில்லையா? டிக்கெட் கிடையாது, மேடையில் இருபது வயதுப் பெண், எதிரே முப்பது பேர். அவள் தோடியில் கொஞ்சம் தடுமாறுவாள். நீர் எழுந்து போகிறீரா? "நல்ல சாரீரம், பத்து வருஷத்தில் பெரிய ஆளாக வருவாள்" என்று சொல்லிவிட்டுத்தானே காண்டீனுக்குப் போகிறீர்? மாலைக் கச்சேரி வித்வான்கள் எல்லாரும் அந்த மத்தியான மேடையிலிருந்து ஏறி வந்தவர்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீர்தான். சங்கீதத்துக்கு ஒரு நியாயம், பந்துக்கு ஒரு நியாயமா?

நீர் போற்றுகிற இங்கிலாந்துக்காரன் இந்த விஷயத்தில் உம்மைவிடப் புத்திசாலி. அங்கே எப்.ஏ. கோப்பை என்று ஒன்று 1871-ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று எழுநூறுக்கு மேற்பட்ட கிளப்புகள் அதில் ஆடுகின்றன. பெரிய கிளப்புகள் வந்து சேருவது ஜனவரி மாதத்தில். அதற்கு முன்னால் ஆகஸ்டிலிருந்து சின்ன ஊர்க் கிளப்புகள் ஒன்றையொன்று எதிர்த்து ஆடிக்கொண்டிருக்கும். பகலெல்லாம் வேறு தொழில் செய்கிறவர்கள் பலர் செவ்வாய், புதன் இரவுகளில் விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹெரிபோர்டு என்ற லீகில் சேராத கிளப், முதல் பிரிவில் ஆடிய நியூகாஸில் அணியைத் தோற்கடித்தது. தொலைவிலிருந்து அடித்து ஆட்டத்தைச் சமன் செய்த ரானி ராட்போர்டு தொழிலால் தச்சர். 2017-ல் அதே போல லீகுக்கு வெளியே இருந்த ஸட்டன் என்ற கிளப் ஆர்ஸனலைத் தன் சொந்த மைதானத்துக்கே வரவழைத்தது. அதே ஆண்டில் அதே தரத்து லிங்கன் நகரக் கிளப் பர்ன்லியைத் தோற்கடித்துக் காலிறுதி வரையில் போயிற்று. அடியில் எழுநூறு வேர் இருப்பதால்தான் மேலே பூ பூக்கிறது. நீர் நள்ளிரவில் அந்தப் பூவை முகர்ந்து பார்த்துவிட்டு, உம் வாசலில் இருக்கிற செடிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற மறுக்கிறீர்.

இரண்டாவது வாதம்: "நமக்கு அந்த மரபே கிடையாது." இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. மரபு இல்லாமல் என்ன? வெள்ளைக்காரர் கிளப்பில் இந்தியனுக்கு இடமில்லாத காலத்தில், 1888-ல், மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கிய புச்சி பாபு நாயுடு எந்த ஊர்க்காரர்? உம்முடைய லஸ்ஸில் வாழ்ந்தவர்தானே? அவர் வளர்த்தது கிரிக்கெட்; ஆனாலும் நம்மவர்களுக்கென்று ஒரு கிளப் வேண்டும் என்ற ரோஷம் இந்தப் பேட்டையில் பிறந்தது. அதே ரோஷத்தோடு 1911-ல் கல்கத்தாவில் மோகன் பகான் ஆட்டக்காரர்கள், ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தை வென்று கேடயத்தை எடுத்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்க ஹாரி பக் என்பவர் 1920-ல் நிறுவிய கல்லூரி நம் நந்தனத்தில்தான் இன்றும் இருக்கிறது. வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1960-ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடியவர் ஸைமன் சுந்தரராஜ் என்ற தமிழர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் இன்று வரையில் அந்த ரோமாபுரியில் போட்டதுதான். மரபு இருந்தது. நாம் அதை மறந்தோம். மறந்ததை மறைக்க, இல்லை என்கிறோம்.

மூன்றாவது வாதம்: "அதற்குத்தான் பெரிய கிளப்பும் பெரிய லீகும் வந்துவிட்டனவே?" வந்தன, சந்தோஷம். பெரியமேட்டில் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடத்தில் 1993-ல் புது நேரு ஸ்டேடியம் எழுந்தது. 2014-ல் சென்னையின் எப்.ஸி. பிறந்தது; 2015-லும் 2018-லும் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. நானும் கை தட்டினேன். ஆனால் 2025 ஜூலையில் என்ன ஆயிற்று? மேலே இருந்தவர்களுக்குள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத சிக்கலில் அந்த லீகின் அடுத்த பருவம் முழுவதும் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு காகிதத்தில் கையெழுத்து விழவில்லை. தேசத்தின் மிகப் பெரிய ஆட்டம் நின்றது. என் குமாஸ்தாவின் கிளப்புக்கு ஒப்பந்தமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அவரிடம் சுண்ணாம்புத் தூள் இருக்கும் வரையில் அது நிற்காது. ஆனால் அவருக்கும் வயதாகிறது. அதுதான் என் பயம்.

நம்முடைய ஊரில் இன்னொரு விசேஷமும் நடந்தது. இந்தியன் வங்கி, ஐ.ஸி.எப்., தென்னக ரயில்வே போன்ற ஸ்தாபனங்கள் அணி வைத்தன. ஏழைப் பையன்கள் எத்தனையோ பேருக்குப் பந்து ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தது. அதற்கு நூறு கும்பிடு. ஆனால் ஆட்டக்காரர்களைக் காப்பாற்ற ஆபீஸ் இருக்கிறது என்று பேட்டைக்காரர்கள் சும்மா இருந்துவிட்டோம். ஆபீஸ் ஆள் எடுப்பதைக் குறைத்தால் அணியும் குறையும். அப்போது ஏன் என்று கேட்க ஒரு தெரு கூட இராது.

நான்காவது வாதம் ஒன்று உண்டு. இதில் மட்டும் நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. "புதன்கிழமை பகல் மூன்று மணிக்கு எந்த மனிதனால் வர முடியும்?" உண்மை. வேலைக்குப் போகிறவன் வர முடியாது. ஆடுகிறவனே கூலியை விட்டுவிட்டு வருகிறான். ஏன் அந்த நேரம் என்று காரியதரிசியைக் கேட்டேன். சனி, ஞாயிறுகளில் மைதானம் கிடைக்காது. சாயந்திரத்தில் ஆட விளக்கு இல்லை என்றார். அவ்வளவுதான் காரணம். கோடி ரூபாய்க் காரியம் அல்ல. பேட்டைக்கு ஒரு மைதானத்தில் விளக்குப் போட்டு, வாரத்தில் இரண்டு மாலையைச் சின்னக் கிளப்புகளுக்கு ஒதுக்க நகரசபையால் முடியாதா? ஆட்ட அட்டவணையைத் தமிழில் அச்சடித்து மைதானத்துக் கதவில் ஒட்ட ஆட்டத்தை நடத்துகிறவர்களால் முடியாதா? கலியாண மண்டபத்துக்கு வழிகாட்டத் தெருவெல்லாம் தட்டி கட்டுகிற ஊர் இது!

நகரசபை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2024 அக்டோபரில், செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைப்பது என்று சென்னை மாநகராட்சியில் தீர்மானம் வந்தது. ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் என்றார்கள். கணக்குப் பாருங்கள்: இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்திரண்டு பேர், மணிக்கு 2,640 ரூபாய். நொச்சிக்குப்பத்துப் பையன் இதற்கு எங்கே போவான்? எதிர்ப்புக் கிளம்பியது, தீர்மானம் கைவிடப்பட்டது. நல்ல காரியம். ஆனால் காலியாகக் கிடக்கிற மைதானத்தின் மேல் யாருடைய கண்ணும் விழும். நாற்பத்தொரு பேர் நிற்கிற மைதானத்தை எடுத்துக்கொள்வது எளிது. நாலாயிரம் பேர் நிற்கிற மைதானத்தைத் தொடுவதற்கு எந்த அதிகாரிக்கும் கை நடுங்கும். ஆட்டத்தைப் பார்க்க ஜனங்கள் போவதுதான் அந்த மைதானத்துக்கு வேலி.

சர்க்கார் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். ஆனால் சங்கீத வித்வத் சபையை 1928-ல் சர்க்காரா கட்டிக் கொடுத்தது? இந்தப் பேட்டைகளில் உள்ள எத்தனையோ சபாக்கள் அங்கத்தினர் சந்தாவிலேயே காலை ஊன்றி நின்றவை. சந்தா கட்டி ஒரு கலையைக் காப்பாற்றுவது எப்படி என்று மயிலாப்பூருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தெரிந்த வித்தையைக் கடற்கரைக் குப்பத்துப் பையன்களின் ஆட்டத்துக்கும் உபயோகிக்க நமக்கு மனம் வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் நானும் அந்த மைதானத்தை எத்தனையோ வருஷம் பஸ்ஸில் கடந்து போனவன். கதவு பாதி திறந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கூட இறங்கியதில்லை. நாற்பத்தொருவரில் ஒருவனாக ஆன பிறகு மற்றவர்களைத் திட்டுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றுக்கு ஒன்று. பையன் பயந்தபடியே டைபிரேக்கருக்குத்தான் போயிற்று. ஐந்தாவது உதை அவனுடையது. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போயிற்று. விருந்து கொடுத்த கிளப் ஜெயித்தது. தோழர்கள் அவனைத் தூக்க வந்தார்கள். அவன் பிடி கொடுக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டே கதவை நோக்கி ஓடினான். மணி ஐந்தே முக்கால்.

காரியதரிசி வலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். ஒரு முனையை நான் பிடித்தேன். அடுத்த சுற்று எப்போது என்று கேட்டேன். "அடுத்த புதன், மூணு மணி" என்றார்.

நண்பருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வந்தால் நாற்பத்திரண்டு.